கெல்ஸிக்கு இன்று விடுமுறை

இணையதளத்தில் பொத்தான் பச்சையாக இருந்தால் மக்கள் அதிகம் அழுத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பொத்தானை அடைவதற்கு முன் அவர்கள் என்ன படித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

நீங்கள் விசாரணைக்காகச் செயின்ட் பாலிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள்.

என் பெயர் வெண்டல் ஓபெர்க். வயது ஐம்பத்தாறு. எல்க் பெண்ட் ஊரில், ஸ்டென்விக் மோட்டார்ஸ் என்ற கார்க் கடையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் பதினாறு வருடம் விற்பனைப் பிரிவு. அதில் நான் சுமார்தான். வந்தவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால், சரி என்று கதவைத் திறந்துவிடுவேன். பிறகு முதலாளி கோர்டன் ஸ்டென்விக் என்னைப் பின்னறைக்கு மாற்றி, கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. அங்கே யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம்.

போன ஏப்ரலில் கோர்டன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வது அவர் வழக்கமில்லை.

"டுலூத்துக்காரன் திரும்பவும் ஃபோன் பண்ணினான், வெண்டல். இடத்த மட்டும்தான் கேக்குறான். கட்டடம்கூட வேணாமாம்."

"என்ன சொன்னீங்க?"

"செப்டம்பர்ல லேபர் டே வரைக்கும் பொறுன்னு சொல்லியிருக்கேன். இப்பல்லாம் அவனவன் சோபால படுத்துக்கிட்டு கார் வாங்குறான். உள்ள வந்து கதவத் தொறந்து மூடிப் பாக்குறவன் எவன் இருக்கான்? நம்ம சைட்டப் பாத்தா சாவு அறிவிப்பு மாதிரி இருக்கு."

"புதுசா பண்ணிடலாம்."

"பண்ணு. பத்தொம்பது பேருய்யா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பத்தொன்பதில் நானும் ஒருவன். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். என் மனைவி ஜோனிக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட வேண்டும். போட்டால் எழுந்து நடப்பாள். போடாவிட்டால் இரண்டு மாதத்தில் கையில் கரண்டி நிற்காது. ஒரு முறை அப்படி ஆகிப் பார்த்துவிட்டோம். காகித ஆலை மூடிய பிறகு எங்கள் ஊரில் என் வயதுக்காரனுக்கு வேறு வேலை கிடையாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மே மாதம் முழுக்கத் தளத்தைப் பிரித்துப் போட்டேன். கோர்டனுடைய அப்பா படத்தை நீக்கினேன். எழுத்தைக் குறைத்தேன். எங்கள் கடையில் வண்டி வாங்கியவர் வாசலில் தொங்கும் பித்தளை மணியை அடிப்பார். வண்டியின் முன்னால் பெரிய சிவப்பு ரிப்பன் கட்டி அவரை நிற்க வைத்துப் படம் எடுப்போம். அந்தப் படங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் போட்டேன். ஊர்க்காரர்கள் தெரிந்த முகங்களைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

பிறகு கெல்ஸி. பக்கத்தின் ஓரத்தில் ஓர் அரட்டைப் பெட்டி. அதில் ஒரு பெண்ணின் படமும், 'நான் கெல்ஸி, என்ன வேணும்?' என்ற வரியும் இருக்கும். படம், விற்பனைக்குப் படம் வைத்திருக்கும் ஒரு தளத்தில் வாங்கியது. முப்பது வயது, சற்றுக் கலைந்த முடி. ரொம்ப அழகாக இருந்தால் நம்ப மாட்டார்கள். பெயர் நான் வைத்தது. பதில் எழுதியதும் நான்.

கடையில் எல்லோருக்கும் இது தெரியும். விற்பனையில் இருக்கும் டுவைன் என் அறையை எட்டிப் பார்த்து, "கெல்ஸி, இன்னைக்கும் சவரம் பண்ண மறந்துட்டியாம்மா?" என்பான். "உன்னப் பாக்க நாலு பேர் வாசல்ல நிக்கிறாங்க, கொஞ்சம் வயித்த உள்ள இழுத்துக்க." சிரிப்போம்.

ஆனால் மக்கள் கெல்ஸியிடம் பேசினார்கள். பதினாறு வருடம் விற்பனையில் நின்றபோது என்னிடம் யாரும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார்கள். கணவருக்குத் தெரியாமல் வாங்குகிறேன் என்றார்கள். மகன் பேசுவதில்லை, இந்த வண்டி கொடுத்தால் பேசுவான் என்றார்கள். அவள் சலித்துக்கொள்வதில்லை. நான் சலித்துக்கொள்வேன்.

இப்போது அந்தப் பதினொரு வண்டிகள்.

எல்லாம் ஒரே மாதிரி. ஏழு வருடப் பழையவை. பனிக்காலத்தில் ஏலத்தில் எடுத்தோம். எடுத்த மறு வாரம் தயாரித்த கம்பெனி ரீகால் அறிவித்தது. சாலையில் கொட்டும் உப்பு பின் பிரேக் குழாயை அரிக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொன்னது. குழாய் மட்டும் வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். பழைய வண்டியை அந்தக் குறையோடு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இது உங்களுக்கே தெரியும்.

பழுது பார்க்கும் பிரிவின் தலைவர் லைல். குறை உள்ள வண்டி என்ற அடையாளத்துக்கு, அவர் பதினொரு வண்டியின் பக்கக் கண்ணாடியிலும் ஆரஞ்சு டேப் சுற்றியிருந்தார். படம் எடுக்கப் போனபோது அதைப் பிரித்தேன்.

"திரும்ப ஒட்டிடு," என்றார்.

"ஒட்டிடுறேன். நெஜமாவே அவ்வளவு மோசமா லைல்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பத்து வருஷம் ஓடும். இல்ல, வியாழக்கிழமை போயிடும். யாருக்குத் தெரியும்?"

டேப்பை ஒட்டவில்லை. படம் திரும்ப எடுக்க வேண்டிவரும் என்று நினைத்தேன்.

ரீகால் உள்ள வண்டியின் பக்கத்தில், படத்துக்கு மேலே, ஒரு மஞ்சள் பட்டை வரும். 'இந்த வண்டியின் பிரேக்கில் சரிசெய்யப்படாத குறை இருக்கிறது.' பழைய தளத்தில் இருந்ததை அப்படியே கொண்டுவந்திருந்தேன். மக்கள் எந்த இடத்தில் பக்கத்தை மூடுகிறார்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பதினொரு பக்கங்களையும் அந்தப் பட்டையில்தான் மூடினார்கள்.

ஜூனில் ஒரு சோதனை வைத்தேன். எங்கள் தொழிலில் இது எல்லோரும் செய்வது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பட்டை தெரியும். மீதிப் பாதிக்குத் தெரியாது. யாருக்கு எது என்பதை நான் முடிவு செய்யவில்லை. காசு சுண்டுவது போல இயந்திரம் முடிவு செய்தது. அதில் ஒரு நியாயம் இருந்தது. பணக்காரர், ஏழை, எனக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று எதையும் அது பார்க்கவில்லை.

பட்டையைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் பொத்தானை அழுத்தினார்கள். பார்க்காதவர்களில் ஒன்பது பேர்.

ஜூலையில் பாதி என்பதை மாற்றினேன். தொண்ணூறு பேருக்குத் தெரியாது, பத்துப் பேருக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேரை ஏன் விட்டுவைத்தாய் என்று நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஃபோன் பண்ணியவர் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். எல்லோருக்கும் மறைத்துவிட்டால் மறைத்ததால் என்ன பயன் என்று தெரியாமல் போய்விடும்.

கையெழுத்துப் போடும் பத்திரத்தில் ரீகால் பற்றி இருந்தது. பத்தொன்பது பக்கம், பதினேழாவது பக்கத்தில். முன்பு காகிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. இப்போது திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு கையெழுத்து. நேரம் மிச்சம் என்று வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதினார்கள்.

லேபர் டேக்கு முன் பதினொன்றும் போயின. மற்ற வண்டிகளும் நகர்ந்தன. கோர்டன் டுலூத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் எல்லோருக்கும் சோளமும் பிராட்வர்ஸ்ட் சாஸேஜும் சுட்டுப் போட்டார். டுவைன் பீர் புட்டியைத் தூக்கி, "கெல்ஸிக்கு," என்றான். எல்லோரும் குடித்தோம். அந்த வாரம் ஜோனிக்கு ஊசி நாள்.

ஆர்டிஸ் கெட்டுனனைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். வருகிறேன்.

ஆர்டிஸ் வீடு வீடாகப் போகும் நர்ஸ். வயது அறுபத்தொன்று. மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க ஓட்டிக்கொண்டே இருப்பார். ஜோனிக்கு ஊசி போடுவதும் அவர்தான். மூன்று வருடமாக எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். ஜோனியை, "என்னடி, கல்யாண நாள்ல டான்ஸ் ஆடலாமா?" என்று கேட்பார். ஜோனி வேறு யாரிடமும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன ஆகஸ்டில் அவர் கடைக்கு வந்தார். நீல நிற வண்டி, பதினொன்றில் ஒன்று. எல்லாம் தளத்திலேயே முடித்திருந்தார். கையெழுத்தும் சாவியும்தான் பாக்கி. கையில் ஒரு தகர டப்பா இருந்தது.

"வெண்டல், அந்தப் பொண்ணு கெல்ஸி எங்க? அவளுக்கு இனிப்பா எலுமிச்சை பார் செஞ்சு கொண்டாந்தேன். எவ்வளவு பொறுமையா பதில் சொன்னா தெரியுமா?"

எதிர் மேஜையில் டுவைன் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

"கெல்ஸிக்கு இன்னைக்கு லீவு," என்றேன்.

"ஐயோ பாவம், எடுத்துக்கட்டும். நீயே குடுத்துடு. வழியில தின்னுடாத."

"திங்க மாட்டேன்."

அவர் பத்திரத்தை விரலால் தள்ளிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம் வண்டியின் பக்கத்தில் நின்றார். பின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மணியை அடித்தார். படம் நான்தான் எடுத்தேன். நல்ல படம். எலுமிச்சை பாரை டுவைனும் நானும் தின்றோம்.

கம்பெனி அனுப்பிய ரீகால் கடிதம் வண்டியின் பழைய சொந்தக்காரருக்குப் போயிருக்கிறது. அது என் கையில் இல்லை.

பிறகு அவர் அந்த வண்டியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். செப்டம்பர் நடுவில் ஒரு முறை, அக்டோபர் கடைசியில், டிசம்பரில். அவர் போன பிறகு நான் வாசலுக்கு வந்து பின் சக்கரம் நின்ற இடத்தைப் பார்ப்பேன். தரை காய்ந்திருக்கும். உள்ளே போய்விடுவேன். ஜனவரிக் கடைசியில் வந்தபோது தரையெல்லாம் பனி. அவர் வண்டி நகர்ந்ததும் பனியில் ஒரு கறை தெரிந்தது. காபிக் கோப்பையின் மூடி அளவு. தேன் நிறம்.

அது கண்ணாடி கழுவும் தண்ணீராக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் நீலம்.

மண்வாரியை எடுத்து அந்த இடத்தை வாரிப் புதரில் போட்டேன். ஜோனி ஜன்னலைத் திறந்தாள்.

"புதுசாப் பனி ஒண்ணும் பெய்யலையே. எதுக்கு வாருற?"

"வழி சுத்தமா இருக்கட்டும்."

"ஆர்டிஸ் ஏதாவது விட்டுட்டுப் போயிட்டாளா?"

"இல்ல."

அடுத்த முறை வரும்போது வண்டியை லைலிடம் காட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்திருந்தேன். காலண்டரில் ஜோனியின் அடுத்த ஊசி நாளுக்குப் பக்கத்தில் 'பிரேக்' என்று எழுதினேன். நீங்கள் நம்பாவிட்டால் காலண்டர் சமையலறையில் இருக்கிறது.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, சுரங்க மேட்டிலிருந்து இறங்கும் சாலையில், கீழே நின்றுகொண்டிருந்த மர லாரியின் பின்னால் மோதினார். பிரேக் மிதி தரையைத் தொட்டிருந்தது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அவர் கைப்பிரேக்கையும் இழுத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் மருந்துப் பை, பெல்ட் போட்டு வைத்திருந்தார்.

இரங்கல் செய்திக்கு அவருடைய தங்கை எங்கள் படத்தைக் கேட்டார். ஆர்டிஸ் இவ்வளவு நன்றாகச் சிரித்த படம் வேறு இல்லையாம். அனுப்பினேன். செய்தித்தாளில் ரிப்பனை வெட்டிவிட்டுப் போட்டார்கள். முகப்புப் பக்கத்தில் அந்தப் படம் இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்த வாரம் வந்து பார்த்தவர்கள் அதிகம். அதை எடுக்கச் சொன்னது கோர்டன்.

மாற்றுக் குழாய்கள் மார்ச் மூன்றாம் தேதி வந்தன. பதினொரு பெட்டி.

இப்போது உங்கள் தாளில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். தலைகீழாகத்தான் தெரிகிறது, ஆனால் படிக்க முடிகிறது. ஆர்டிஸ் அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவர், அவருக்குப் பட்டை காட்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பத்துப் பேரில் ஒருவர். இயந்திரம் அவருக்குக் காட்டியது.

பட்டையைப் பார்த்தவர்களில் அநேகம் பேர் பக்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். ஆர்டிஸ் கேட்டார்.

அரட்டைகள் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். அப்படித்தான் அமைத்திருந்தேன். இதை மட்டும் அச்செடுத்து வைத்தேன். கெல்ஸி நடத்தியதிலேயே நல்ல உரையாடல் இது. இதில் உள்ள பதிலைச் சேமித்து வைத்து, பிறகு இதையே கேட்ட மூன்று பேருக்கு அனுப்பினேன். அந்த மூவரின் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் பின்புறத்தில் இருக்கின்றன. இன்றே கூப்பிட்டுவிடுங்கள். அதில் ஒருவர் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்.

படிக்கிறேன்.

"வணக்கம் கெல்ஸி. வேலையா இருக்கியா? தொந்தரவு பண்றேனோ?"

"இல்லவே இல்ல. சொல்லுங்க."

"இந்த நீல வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. மேல மஞ்சள்ல பிரேக்குன்னு என்னமோ போட்டிருக்கே, கண்ணு. நான் நாள் முழுக்க ரோட்லயே இருக்கறவ. பனியிலயும் ஓட்டணும். அதான் கேக்குறேன், தப்பா நெனச்சுக்காத."

இந்த இடத்தில் நான்கு நிமிடம் இடைவெளி இருக்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். நீல வண்டி இரண்டாவது வரிசையில் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"நல்ல கேள்வி. அது கம்பெனி பொதுவா எல்லாருக்கும் போடுற அறிவிப்புங்க. எங்க சர்வீஸ் தலைவர் லைல் இந்த வண்டியப் பாத்துட்டாரு. பத்து வருஷம் ஓடும்னு சொன்னாரு."

"லைலே சொன்னாரா?"

"அவர் வாயாலயே சொன்னாரு."

"அப்ப சரி. அங்க வெண்டல்னு ஒருத்தர் இருக்காருல்ல, அவங்க வீட்டுக்கு நான் போவேன். நல்ல மனுஷன். அவர்கிட்ட கேட்டா பாவம், தர்மசங்கடமாப் போயிடும். முதலாளி வண்டியக் குறை சொல்லவும் முடியாது, என்கிட்ட மறைக்கவும் முடியாது. அதான் உன்கிட்ட கேட்டேன். நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து மனிதர்களை உங்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்பார்கள். பதில் வந்த பிறகு இன்னொருவரிடம் அதையே கேட்டால், முதலில் சொன்னவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால்தான் அன்று கடையில், வண்டியின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சமையலறையிலும் கேட்கவில்லை. மூன்று வருடம் என் வீட்டுக் காபியைக் குடித்தவர். நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. விற்பனையில் நான் தேறாததற்குக் காரணமே அதுதான், கோர்டனைக் கேட்டுப் பாருங்கள்.

ஆர்டிஸ் என்னிடம் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.